மழை வால்வு

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

கழிவுநீர்ப் பிரிவில் பம்பு ஓட்டுபவன் எழுதிக்கொள்வது. முதலில் ‘அக்கா’ என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நம் இரண்டு பேர் போனையும் விசாரணை அதிகாரி வாங்கி உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார். போன் கையில் இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். பேசித்தான் இந்தக் கதி.

நேற்று மேலாளர் அறையில் உங்கள் வாக்குமூலத்தைக் கம்பெனி வக்கீல் படித்துக் காட்டினார். ‘மூன்றாவது தொட்டி நிரம்பிவிட்டதாக ஆபரேட்டர் போனில் சொன்னார். நான் வந்து பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும் என்ற பொருளில் விடு என்றேன். ஆபரேட்டர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு மழை வால்வைத் திறந்துவிட்டார்.’

ஆபரேட்டர்! ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு பேர்.

எனக்குத் தெரிந்த ‘விடு’வை நான் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஆறு சேறும் சகதியுமாகப் பெருகி வரும். முலாம் கூடத்தில் முலாம் பூசிய குழாய்களைக் கழுவிய மஞ்சள் தண்ணீர் நம் தொட்டிகளில் முட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் சோதனை அறை ஜன்னலைத் திறந்து கையை வீசி, “விடு!” என்பீர்கள். நான் மழை வால்வின் சக்கரத்தைத் திருப்புவேன். சுத்தம் செய்யும் மருந்து கலக்காத தண்ணீர் ஆற்றில் சேற்றோடு சேறாகப் போய்விடும். எத்தனை மழை, எத்தனை விடு! அப்போதெல்லாம் ‘அப்படியே இருக்கட்டும்’ என்றா அர்த்தம்?

அன்று மழை இல்லை என்பது எனக்கும் தெரியும். வானத்தைப் பார்த்தேன், ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆனால் நீங்கள் விடு என்றால் விடுவதுதான் எனக்குப் பழக்கம். வெயிலில் ஆறு கணுக்கால் அளவுதான் ஓடுகிறது. அதில் மஞ்சள் கலந்து போனதை ஊரே பார்த்தது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வலையோடு தண்ணீரில் நின்ற என் மச்சானுக்கு முழங்கால்வரை கொப்புளம். என் வாசலில் யாரோ ஒரு வாளி செத்த மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரி கூட்டி அள்ளினாள். அள்ளி முடித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: “உங்க அக்கா சொன்னா கிணத்துல குதிப்பீங்களா?”

உங்களுக்கு வேறு ஊர் ஆலைக்கு மாற்றல். என்னை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று முடிவானால் வழக்கு என் பேரில். ஜெயில்கூட உண்டு என்கிறார் வக்கீல், ஏதோ சாப்பாடு உண்டு என்பதைப்போல.

இப்படிக்கு,
தவறாகப் புரிந்துகொண்டவன்


பிப்ரவரி 14

தம்பி,

மேடமாம் மேடம். உனக்கு மூக்கு சிந்திவிட்டவள்டா நான். ஆலைக்குள் மேடம் என்று கூப்பிடு, சொந்தக்காரனை வேலைக்கு வைத்தாள் என்று பேசுவார்கள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதைக் கடிதத்தில் கொண்டுவந்து என் முகத்தில் எறிகிறாய்.

வாக்குமூலம் வக்கீல் எழுதியது. ‘இப்படித்தானே நடந்தது?’ என்று கேட்டார். எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அப்படித்தான் நினைத்துச் சொன்னேனா என்று இப்போது என்னையே கேட்டால், சத்தியமாகத் தெரியவில்லை.

அன்று பாப்பாவின் பள்ளிக்கூட ஆண்டு விழா. அவள் நரி வேஷம். மேடைக்கு வந்து வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு வசனம் மறந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. அந்த நேரம் பார்த்து உன் போன். நீ என்ன சொன்னாய் என்பதில் ‘தொட்டி’, ‘வழியுது’ இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. விடு என்றேன். வைத்துவிட்டேன்.

வக்கீல் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நீ அன்று என்னை மேடம் என்று கூப்பிட்டாயா, அக்கா என்றா? மேடம் என்றால் அது ஆலைப் பேச்சு. விடு என்றால் திற. அக்கா என்றால் அது வீட்டுப் பேச்சு. அப்படியானால் நான் ‘விடுடா’ என்றுதான் சொல்லியிருப்பேன். உன் சைக்கிள் திருடு போனபோது விடுடா. பரீட்சையில் கோட்டை விட்டபோது விடுடா. அப்பா அடித்தபோது விடுடா. உன் காதில் நான் அதிகம் போட்ட வார்த்தை அதுதானே? மனசில் வைத்துக்கொள்ளாதே, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

நல்லா யோசித்துச் சொல். ‘டா’ இருந்ததா?

தொட்டி ஏன் நிரம்பியது என்று யாரும் கேட்கவில்லை. மருந்து தீர்ந்துபோய்விட்டது என்று மேலாளரிடம் எத்தனை தடவை சொன்னேன். அவருக்குத்தான் நாம் பேர் வைத்திருக்கிறோமே, ‘பாத்துக்கலாம்’ என்று. பாத்துக்கலாம் பாத்துக்கலாம் என்றே தொட்டியை ரொப்பிவிட்டார்.

இங்கே கம்பெனி விருந்தினர் அறையில் தங்க வைத்திருக்கிறார்கள். குளியலறைக் குழாய் நம் ஆலையில் முலாம் பூசியது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. தண்ணீர்தான் வரவில்லை.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

சரி, அக்கா என்றே எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

எனக்கும் தெரியவில்லை. ஆலைக்குள் நின்றுகொண்டு அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது. ஆனால் பேசியது என் சொந்தப் போனில். திரையில் ‘அக்கா’ என்றுதான் வரும். பதற்றத்தில் வாயில் எது வந்ததோ. ‘டா’வைப் பற்றிக் கேட்காதே. பம்பு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரியை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். சமையலறையில் மிக்சியைப் போட்டுவிட்டு, விடு என்றும் விடுடா என்றும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னேன். நான் கூடத்தில் காதைப் பொத்தினாற்போல வைத்துக்கொண்டு கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அவள் சத்தம் போட்டாள்: “புருஷனை டா போட்டுக் கூப்பிட இன்னிக்குத்தான் வாய்ச்சுது, அதுவும் உங்க காதுல விழல!” இந்த வீட்டில் நாங்கள் சிரித்து நாளாயிற்று. சிரித்தோம். அதோடு அவள் அழுதாள்.

மச்சான் வந்திருந்தான். கால் இரண்டிலும் கட்டு. திட்டுவான் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு டீ கேட்டான். அக்காவா மேடமா, விடுவா விடுடாவா என்ற கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“நீங்க ரெண்டு பேரும் நல்லா இலக்கணம் படிங்க மாப்ள. என் காலுக்கு அதெல்லாம் தெரியாது.”

கொஞ்ச நேரம் கழித்து, “அது சரி, மழை வால்வுன்னா என்னய்யா? மழைக்கு எவன்யா வால்வு வெப்பான்?” என்றான்.

பதில் சொல்ல ஆரம்பித்தேன். முற்றத்து மழைத்தண்ணீர் வடிவதற்காக வைத்தது என்றேன். “அப்ப முற்றத்துலதானே இருக்கணும்? உன் மஞ்சத் தொட்டியோட அடியில எதுக்கு இருக்கு?” என்றான். 

அக்கா, நான் அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன், துரு சுரண்டியிருக்கிறேன். இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீ கேட்டாயா? குழாயை யாரோ மண்ணைத் தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். யாரோ வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். யாரோ அதற்கு மழை என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆளுக்கு எவ்வளவு நகைச்சுவை! நீ விடு என்று சொல்வதற்கும் நான் திருப்புவதற்கும் முன்னாலேயே ஆற்றுக்கு வழி போட்டாகிவிட்டது. அவர்களை விட்டுவிட்டு நாம் ‘டா’வைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

விசாரணையில் இரண்டு பேரும் இதைச் சொல்வோம். நீ சொன்னால் நானும் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 1

தம்பி,

உன் கடிதம் வந்து நாளாகிறது. நான்கு தடவை பதில் எழுதி மடித்து வைத்துவிட்டேன். இதையாவது அனுப்புகிறேனா பார்ப்போம்.

மழை வால்வைப் பற்றிச் சொன்னால் அன்றைய ஒரு நாளோடு முடியாது. எல்லா மழையும் வெளியே வரும். அந்த நாட்களிலெல்லாம் ‘தண்ணீர் சுத்தம்’ என்று சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவள் யார்? நான். சக்கரத்தைத் திருப்பியவன் யார்? நீ. குழாய் புதைத்தவனுக்கு இருக்கவே இருக்கிறது பத்து வக்கீல். நமக்கு இருக்கும் ஒரே வக்கீலும் அவன் கொடுத்தவர்தான்.

அவர் இன்னொன்று சொல்கிறார். ‘தவறாகக் கேட்டுவிட்டேன்’ என்று நீ ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்களாம். அபராதத்தைக் கம்பெனியே கட்டுமாம். சொல்வதற்கே எனக்குக் கூசுகிறது. ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். யோசித்துப் பார்.

அப்புறம், உன் மாமா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அன்று பாப்பா மேடையில் விழித்துக்கொண்டு நின்றபோது, “அங்க பாரு, அங்க பாரு” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாராம். நான் விடு என்று சொன்னது அவரிடமாம்! “என்னை நீங்கன்னுதான் சொல்லுவ. ஆனா கோவம் வந்தா நீ ஆயிடுமே” என்கிறார். எனக்கு அவர் கையைப் பிடித்ததே ஞாபகமில்லை. அப்படியானால் உனக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லையா? ஒன்றுமே சொல்லாத ஒருத்தியின் பேச்சைக் கேட்டா ஆற்றைக் கொன்றாய்? இரவு பகலாக இதே. யோசிக்க யோசிக்க அந்த வார்த்தையே தமிழ் மாதிரி இல்லை, ஏதோ சத்தம் மாதிரி இருக்கிறது.

உன் மச்சானின் கால் எப்படி இருக்கிறது? நான் என்ன கேட்டாலும் பொய்யாகப் படும். இருந்தாலும் கேட்கிறேன். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. விடுடா.

பார். எழுதும்போதே வந்துவிடுகிறது.

அக்கா


மார்ச் 6

மேடம்,

‘மாமாவின் கையை விடச் சொன்னேன், ஆறு செத்துப்போயிற்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உலகத்தில் எந்தக் கம்பெனிக்கும் இப்படி ஒரு சாட்சி கிடைத்திருக்காது.

நான் தவறாகக் கேட்டேன் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அபராதத்தை அவர்கள் கட்டினால் அதற்குப் பேர் அபராதம் இல்லை, கூலி. இந்தத் தெருவில் குழாயில் வரும் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் பச்சையாகப் படிகிறது. பக்கத்து வீட்டுப் பெண் அதைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். “உங்க ஆலைச் சாமான், பத்திரமா வெச்சுக்குங்க” என்றாள். அவளிடம் போய் எது மேடம், எது அக்கா என்று விளக்கட்டுமா?

பதினாறாம் தேதி விசாரணை. அன்று மழை வால்வைப் பற்றி நான் சொல்லத்தான் போகிறேன், நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். இனி எழுத வேண்டாம்.

பம்பு ஓட்டுபவன்


மார்ச் 17

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

நேற்று காலையிலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். உன்னைப் பார்க்க விடவில்லை. எதிர் அறை வாசலில் உன் செருப்பு கிடந்தது. இடது கால் வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தாய். உள்ளே போகும்வரை வக்கீல் சொல்லிக்கொடுத்ததைத்தான் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பியைப் பார்த்த பிறகு ஒரு வரிகூட நினைவில் இல்லை.

அதிகாரி கேட்டார், “உங்களை எப்படிக் கூப்பிட்டார்?”

“மேடம்னு கூப்பிட்டான் சார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“விடுன்னு சொன்னேன். தொறக்கச் சொல்லித்தான் சொன்னேன். அவன் மேல தப்பில்ல.”

வக்கீலின் பேனா நின்றுவிட்டது. “வேற ஏதாவது சொல்லணுமா?” என்று அதிகாரி கேட்டார். மழை வால்வு நாக்கு நுனிவரை வந்தது. பாப்பா நரி வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அப்படி நின்றேன். “இல்ல சார்” என்றேன்.

நீதான் சொல்லப்போகிறாயே என்று ஒரு நினைப்பு. பாதி நானும் பாதி நீயும் சொன்னால் முழுசாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னாய்தானே? வழக்கு என் மேல் வரட்டும். பாப்பாவை மாமா பார்த்துக்கொள்வார்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

கோபத்தில் எழுத வேண்டாம் என்றேன். இப்போது நானே எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் ஜன்னல் வழியாக நீ வேனுக்கு நடந்து போவதைப் பார்த்தேன். சோதனை அறை வெள்ளைக் கோட்டு இல்லாமல் ஆலை வாசலில் உன்னைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பாதி ஆளாகிவிட்டாய். நடக்கும்போது பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாய், பள்ளிக்கூடம் போகும்போது நடப்பாயே அப்படி. அது மேடம் இல்லை. நீதான்.

அதிகாரி கேட்டதும், “அக்கான்னுதான் சார் கூப்பிட்டேன். விடுடான்னாங்க. அப்படியே இருக்கட்டும்னுதான் அர்த்தம். நானாத்தான் தொறந்தேன்” என்றேன். என் வாயா பேசியது என்று எனக்கே ஆச்சரியம்.

மழை வால்வைச் சொல்ல நினைத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி ‘யார் உத்தரவு?’ என்று வரும். அதற்கு உன் பேரைத்தான் சொல்ல வேண்டும். நீதான் வால்வைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருப்பாய் என்று வேறு ஒரு எண்ணம். உன் முகம் எல்லாவற்றையும் கொட்டிவிட்ட முகம் மாதிரி இருந்தது. சொன்னாய்தானே?

வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். “ரெண்டு பேரும் நல்லா இருங்க” என்றாள். வாழ்த்தா சாபமா தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி,

உத்தரவு வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும். நான் மூன்று தடவை படித்தேன். ‘இருவரின் வாக்குமூலங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் முரணாக உள்ளமையால், நிகழ்வுக்கான பொறுப்பை எவர்மீதும் நிர்ணயிக்க இயலவில்லை. தகவல் தொடர்பில் நேர்ந்த குழப்பமே காரணம்.’

குழப்பம் என்று ஒருத்தர் ஆலையில் வேலை பார்த்திருக்கிறார் பார். அவர்தான் எல்லாவற்றையும் செய்திருக்கிறார்.

உத்தரவு முழுக்கத் தேடினேன். மருந்து தீர்ந்துபோனது இல்லை. குழாய் இல்லை. ‘வால்வு’ என்று ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அதற்கு முன்னால் மழை என்ற சொல்கூட இல்லை. எப்படி இருக்கும்? சொல்ல வேண்டிய இரண்டு பேரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று வாயை மூடிக்கொண்டோம்.

நீ என்னைக் காப்பாற்றினாய். நான் உன்னைக் காப்பாற்றினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவர்களைக் காப்பாற்றிவிட்டோம்.

‘பாத்துக்கலாம்’ போன் செய்தார். “குடும்பம்னா இப்படி இருக்கணும்மா” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் நானும் சிரித்துத் தொலைத்தேன். உன்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். சந்தோஷப்படவா வேண்டாமா என்று தெரியவில்லை. நீயே சொல். உன் மச்சானிடம் எந்த முகத்தோடு பேசுவேன்?

அக்கா


ஜூன் 11

அக்கா,

வேலைக்குத் திரும்பியதிலிருந்து உனக்கு எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. மச்சான் நடக்கிறான், ஆனால் தண்ணீரில் இறங்குவதில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போகிறான்.

உன் இடத்தில் புதுசாக ஒருத்தர் வந்திருக்கிறார். ரொம்ப உஷார். சோதனை அறை வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள்: ‘உத்தரவுகளைத் தெளிவாகப் பேசவும்’. மழை வால்வுக்குப் புதுப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விசாரணையால் நடந்தது இந்த இரண்டும்தான்.

இன்று காலையிலிருந்து மழை. மருந்து இந்த மாதமும் வரவில்லை. மூன்றாவது தொட்டி விளிம்புக்கு வந்துவிட்டது. உன் இடத்துக்கு வந்தவருக்குப் போன் போட்டேன்.

“சார், வழியப் போகுது.”

“பாத்துக்கப்பா.”

“தொறக்கவா சார்?”

“நான் தொறன்னு சொல்லலியே.”

“அப்ப மூடியே வெக்கவா?”

“வழிஞ்சா நீதான் பொறுப்பு. பாத்துக்கோ.”

சக்கரத்துக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றேன். ஆறு நன்றாகப் பெருகி ஓடியது. திறந்திருந்தால் ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது. கை பழக்கத்தில் சக்கரத்தைப் பிடித்துவிட்டது. அப்போதுதான் அக்கா, எதிர்ச்சுவரில் இருக்கும் இன்னொரு சக்கரம் கண்ணில் பட்டது. முலாம் கூடத்திலிருந்து தண்ணீர் உள்ளே வருகிற குழாய்க்கானது. தினமும் அதன்மேல்தான் என் சட்டையை மாட்டுகிறேன். விடுவதா, அப்படியே வைப்பதா என்று இரண்டு பேரும் இத்தனை மாதம் அடித்துக்கொண்டோமே, வராமல் நிறுத்தலாம் என்று ஏன் தோன்றவே இல்லை? அதை மூடினால் உற்பத்தி நிற்கும். அதனால்தான் தோன்றவில்லை.

கூடத்தில் நிற்பவர்கள் காலில் தேங்கக் கூடாது என்று முதலில் அபாய மணியை அடித்தேன். கழுவும் வரிசையை அவர்கள் நிறுத்தியது கேட்டது. பிறகு சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சக்கரத்தை மூடினேன். துருப்பிடித்து இறுகியிருந்தது. அதற்கு யாரும் எண்ணெய் போட்டதில்லை, நானும்தான்.

ஆலை முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. மழைச் சத்தம் மட்டும். ‘பாத்துக்கலாம்’ குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“யாருய்யா நிறுத்தச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். நான்தான்.”

இது ஒன்றுதான் குழப்பமில்லாமல் என் வாயில் வந்தது. மற்றபடி ஒன்றும் தெளிவில்லை. வேலை போய்விட்டதா என்றுகூடத் தெரியவில்லை. “வீட்டுக்குப் போ” என்றார். வீட்டுக்கு மட்டுமா, ஒரேயடியாகவா? கேட்கவில்லை. கூடத்திலிருந்து வந்தவர்களில் ஒருத்தன் என் தோளைத் தட்டினான். இன்னொருத்தன், “இன்னிக்குக் கூலிய நீ தருவியாடா?” என்று கேட்டான். இரண்டும் நியாயம்தான். நான் செய்தது சரியா, தெரியவில்லை. நாளைக்கு வேறு ஒருத்தனை நிறுத்தித் திறந்துவிட மாட்டார்களா? அதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து விசாரணையைத் திரும்ப நடத்தச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறேன். அதே அதிகாரிக்குத்தான். வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. மழை வால்வு, புதைத்த குழாய், வாங்காத மருந்து, எல்லா மழையும், நான் திருப்பிய எல்லாத் தடவையும் அதில் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதை நீதான் எழுத வேண்டும். மனுவை இதோடு வைத்திருக்கிறேன். விடுடா என்று மட்டும் பதில் போட்டுவிடாதே.

அதில் என் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன் அக்கா. இந்த ‘விடு’வுக்கு ஒரே அர்த்தம்தான்.

தம்பி